பிள்ளைக்கு ரியூப்பா, எண்டொஸ்கோப்பா?

வாசகர் கடிதம்:

"டொக்டர், நாங்க தம்பிலுவில். எங்கட மகளுக்கு இப்ப 7 மாசம். கிளினிக்கில தலை அளந்த மிஸ்ஸி, அளவு கூடிக்கொண்டு போகுது எண்டு சொல்லி அனுப்பினா. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திட்டு, மூளைக்குள்ள நீர் ஓடுற வழி அடைபட்டிருக்கு, ஒப்பரேசன் செய்யவேணும் எண்டு சொல்லிட்டாங்க. ரியூப் வைக்கலாம், இல்லாட்டி எண்டொஸ்கோப்பால செய்யலாம், யோசிச்சிட்டு வாங்க எண்டாங்க. லண்டன்ல இருக்கிற மச்சான், ரியூப் எல்லாம் பழைய முறை, இந்தியாவுக்குக் கொண்டுபோய் எண்டொஸ்கோப்பால செய்யுங்க எண்டுறார். வயல் விக்கிற கதையும் நடக்குது. மாமி, அம்மன்ட குளிர்த்திச் சடங்கு முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு நிக்கிறா. அதுக்கு இன்னும் ஒண்டரை மாசம் கிடக்கு. என்ட பெரிய மாமாவுக்கு 58 வயசு. போன வருசம் கொழும்பில மூக்கு வழியா கமரா விட்டு மூளைக் கட்டி எடுத்தாங்க, ஒரு கிழமையில வீட்டுக்கு வந்திட்டார். இப்ப நல்ல சுகம், குளிசையையும் விட்டிட்டார். மகளுக்கும் அப்பிடி மூக்கால செய்ய ஏலாதா? எதைச் செய்தா பிள்ளைட மூளை நல்லா வரும்? அடுத்த பிள்ளைக்கும் இது வருமா?"

மூளை, நரம்பியல் சத்திர சிகிச்சை நிபுணரின் பதில்:

அன்பின் தங்கச்சிக்கு,

மகளைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, மாமா குளிசையை விட்டுவிட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மகளின் விசயத்தில் நமக்குச் சில நாட்கள் இருக்கின்றன. மாமாவின் விசயம் இன்றைக்கே பார்க்க வேண்டியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூக்கு வழியாக எடுத்த கட்டி என்றால் பெரும்பாலும் அது பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்ததாக இருக்கும். கண்களுக்குப் பின்னால், மூளையின் அடியில் இருக்கிற, 1 சென்ரிமீற்றர் அளவான சுரப்பி அது. கோட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கச் சொல்லி அதிரீனல் சுரப்பிகளுக்குக் கட்டளை அனுப்புவது அதுதான். கட்டியாலோ, ஒப்பரேசனாலோ அந்தக் கட்டளை குறைந்துபோனவர்களுக்கு ஹைட்ரோகோட்டிசோன் குளிசை கொடுப்பார்கள். அதை விட்டாலும் சிலருக்குச் சாதாரண நாட்களில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் களைப்பு மட்டும் இருக்கும். ஆனால் ஒரு கடும் காய்ச்சலோ, வாந்தி, வயிற்றோட்டமோ, விபத்தோ வந்தால் உடம்புக்கு அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமான கோட்டிசோல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து, சீனி குறைந்து, ஆள் மயங்கிவிடுவார். உயிர் போகக்கூடிய நிலை அது. மாமாவின் கிளினிக் கொப்பியை எடுத்து மருந்தின் பெயரைப் பாருங்கள். ஹைட்ரோகோட்டிசோன் என்று இருந்தால், இரத்தம் சோதித்து "இனி வேண்டாம்" என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் விட்டாரா என்று கேளுங்கள். தானாக விட்டிருந்தால் இன்றைக்கே அந்தக் கிளினிக்கோடு அல்லது கிட்டவுள்ள வைத்தியசாலையோடு கதைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். காலையில் எடுக்கிற ஓர் இரத்தச் சோதனையோடு, அவருக்கு அது இன்னும் தேவையா என்று பார்க்கத் தொடங்கலாம். தேவையானவர்கள் காய்ச்சல் நாளில் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் குளிசை தங்காவிட்டால் ஊசி போட உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இந்த விளக்கத்தை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். குனியும்போது மூக்கிலிருந்து உப்புக் கரிக்கிற தெளிந்த நீர் சொட்டினாலும், மோட்டார் சைக்கிள் ஓடும்போது பக்கவாட்டில் வருகிற வாகனம் தெரியாமல் போனாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது.

இனி மகள்.

மாமாவுக்கும் மகளுக்கும் பொதுவாக இருப்பது அந்தக் கருவி ஒன்றுதான். எண்டொஸ்கோப் என்பது நுனியில் வெளிச்சமும், மறுமுனையில் கமராவும் உள்ள ஒரு மெல்லிய குழாய். அதை எந்த வழியால், எதற்காக விடுகிறோம் என்பது நோயைப் பொறுத்தது. பிட்யூட்டரிச் சுரப்பி மூக்கின் பின்னால் உள்ள ஒரு காற்றறைக்கு நேர் மேலே இருக்கிறது, அதனால் வளர்ந்தவர்களுக்கு மூக்கு நல்ல பாதை. உங்கள் மகளின் வயதில் அந்தக் காற்றறை இன்னும் உருவாகவே இல்லை. உருவாகியிருந்தாலும் அவளுடைய அடைப்பு அந்த இடத்தில் இல்லை. அவளுக்கு உச்சந்தலையின் முன்பக்கத்தில், மயிருக்குள், ஒரு சிறு துளை போட்டுத்தான் உள்ளே போவார்கள். மண்டையோட்டின் பொருத்துகள் முந்தியே ஒட்டிப்போன குழந்தைகளுக்கும், 3, 4 மாத வயதுக்குள் வந்தால், இதே கருவியால் சிறிய வெட்டில் சத்திர சிகிச்சை செய்யலாம். அது முற்றிலும் வேறு விசயம்.

மூளையின் நடுவில் நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கும். வளர்ந்த ஒருவரில் எந்த நேரமும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் நீர்தான் இருக்கும், ஆனால் ஒரு நாளில் ஊறுவது அரை லீற்றர் அளவு. ஊறுவது அறையிலிருந்து அறைக்கு ஓடி, மூளையின் வெளிப்புறத்துக்கு வந்து, இரத்தத்தில் கலந்துவிடும். மூன்றாவது அறையிலிருந்து நான்காவது அறைக்குப் போகிற வழி மிக ஒடுக்கமானது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மகளுக்கு அடைபட்டிருப்பது அந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். ஊறுவது நிற்காது, போக வழியில்லை, அறைகள் வீங்குகின்றன. மண்டையோட்டுப் பொருத்துகள் இன்னும் ஒட்டாத வயது என்பதால் தலை பெருக்கிறது. தலை அளந்து சந்தேகப்பட்ட அந்த மிஸ்ஸி உங்களுக்குச் செய்தது பெரிய உதவி.

எண்டொஸ்கோப்பால் செய்வது, மூன்றாவது அறையின் மெல்லிய தரையில் ஒரு சிறு துளை போடுவது. ஒரு குட்டி பலூனை உள்ளே விட்டு ஊதி அந்தத் துளையை அகட்டுவார்கள். அடைபட்ட வழியைத் தொடுவதில்லை, நீர் வேறு வழியால் மூளையின் வெளிப்புறத்துக்குப் போய்விடும். மாரியில் களப்பு நிறைந்து வயலுக்குள் வெள்ளம் ஏறும்போது ஆற்றுவாயை வெட்டிவிடுவார்களே, அதுபோல. வெட்டிய வாய் சில நேரம் மண் மூடித் திரும்ப அடைபடுவதுபோல இந்தத் துளையும் மூடிக்கொள்ளலாம். ரியூப் முறையில், அறைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாயைக் காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியால் கொண்டுபோய் வயிற்றுக்குள் விடுவார்கள். நடுவில் ஒரு வால்வு இருக்கும். பிள்ளை வளர்ந்தாலும் எட்டும்படி வயிற்றுக்குள் மிச்சக் குழாயை விட்டுவைப்பார்கள்.

மச்சான் சொன்ன பழசு, புதுசுக்கு வருகிறேன். எண்டொஸ்கோப் முறைதான் வயதில் மூத்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மிக்ஸ்ரர் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் 1923 இல் இதைச் செய்தார், சிறுநீர்ப் பாதையைப் பார்க்கிற கருவியால், 9 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு. வெளிச்சமும் கண்ணாடியும் போதாத காலம் என்பதால் அது பரவவில்லை. 1950களில் வால்வு வைத்த ரியூப் வந்ததும் எல்லோரும் அதற்கு மாறினார்கள். நல்ல வில்லைகளும் கமராவும் வந்த பிறகுதான் எண்டொஸ்கோப் திரும்ப வந்தது. இன்றைக்கு இரண்டும் உலகம் முழுவதும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. நடை தடுமாறி, சிறுநீரை அடக்க முடியாமல், மறதியும் கூடி வருகிற சில முதியவர்களுக்கு மூளை அறைகளில் நீர் பெருத்திருப்பது உண்டு, அவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது ரியூப்தான். (வீட்டில் அப்படி ஒரு அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால் வயசுபோனதால் வருகிறது என்று விட்டுவிடாதீர்கள்.) ஆகவே எது புதியது என்று கேட்பதை விட்டு, பிள்ளைக்கு நீர் எங்கே அடைபட்டிருக்கிறது, ஏன் அடைபட்டது, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று பாருங்கள். அதிலிருந்துதான் முடிவு வரும்.

கனடாவின் டொரன்ரோவில் குல்கர்ணி என்ற நிபுணரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009 இல் இதற்கு ஒரு புள்ளி முறையை வெளியிட்டார்கள். வயதுக்கு, காரணத்துக்கு, முன்பு ரியூப் வைத்ததா என்பதற்கு எனப் புள்ளிகள். கூட்டினால் வருகிற எண், எண்டொஸ்கோப் ஒப்பரேசன் 6 மாதத்தின் பின்னும் வேலை செய்துகொண்டிருக்கிற வாய்ப்பை ஏறக்குறைய நூற்று வீதத்தில் சொல்லும். 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு 30, அந்த ஒடுங்கிய வழி அடைபட்டதற்கு 30, ரியூப் வைக்காததற்கு 10. உங்கள் மகளுக்கு 70 வருகிறது. இதே பிள்ளை 2 மாதக் குழந்தையாக இருந்திருந்தால் 50 தான். மூளைக்காய்ச்சல் வந்து அதனால் நீர் தேங்கியிருந்தால் இன்னும் கீழே போயிருக்கும், ஏனென்றால் அப்போது நீர் உறிஞ்சப்படுகிற இடமும் கெட்டிருக்கலாம். 10 வயதுக்கு மேல், இதே அடைப்புக்கு, முதல் தடவையாகச் செய்தால் 90. கைக்குழந்தைகளில் ஏன் குறைகிறது என்றால், நீரை உறிஞ்சுகிற அமைப்பு அந்த வயதில் முதிர்ந்திருக்காது, போட்ட துளையும் இலகுவில் மூடிக்கொள்ளும்.

எழுபது நல்ல எண்தான். ஆனால் பத்துப் பிள்ளைகளில் மூன்று பிள்ளைகளுக்கு அது போதாமல் போகும் என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது. அப்படிப் போதாமல் போவது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் தெரிந்துவிடும். பிறகு ரியூப் வைப்பார்கள். அதை ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்றோ, நீங்கள் தவறான முடிவு எடுத்தீர்கள் என்றோ நினைக்க வேண்டாம்.

இனி, "எதைச் செய்தால் பிள்ளையின் மூளை நன்றாக வரும்" என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் மனதில் நின்ற கேள்வி இது. பல நாட்டு வைத்தியசாலைகள் சேர்ந்து, உங்கள் மகளைப் போலவே அதே வழி அடைபட்ட, 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கின்றன. 6 மாதத்தில் பார்த்தபோது ரியூப் வைத்தவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கும், எண்டொஸ்கோப்பால் செய்தவர்களில் 66 பேருக்கும் முதல் ஒப்பரேசனே போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் 5 வயதில் விளக்கம், பேச்சு, நடமாட்டம் எல்லாம் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மகளின் மூளைக்கு வேண்டியது அமுக்கம் குறைவது. எந்த வழியால் குறைந்தாலும் சரி. நாள் கடந்து குறைவதுதான் கெடுதி.

அப்படியானால் ரியூப்பே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ரியூப்பின் கஷ்டம் பிறகு வருகிறது. அது அடைபடும், கிருமி பிடிக்கும். பிள்ளைகளுக்கு வைக்கிற ரியூப்களில் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்துக்குள் ஏதோ ஒரு காரணத்தால் திருத்த வேண்டி வருகிறது. வாழ்நாளில் பல ஒப்பரேசன்கள் கண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்டொஸ்கோப் வழி திறந்து நின்றுவிட்டால் உடம்பில் அந்நியப் பொருள் ஒன்றும் இல்லை, அடிக்கடி திருத்தவும் தேவையில்லை. உகண்டாவின் எம்பாலே நகரில் பெஞ்சமின் வோர்ஃப் என்ற நிபுணர் இந்த முறையைக் கைக்குழந்தைகளில் வளர்த்தெடுத்ததற்கு அதுவே காரணம்: ரியூப் அடைபட்ட பிள்ளையோடு உடனே ஓடிவர முடியாத தூரத்தில் அங்கே தாய்மார் இருந்தார்கள். துளை போடுவதோடு, அறைகளுக்குள் நீர் ஊறுகிற இழையத்தையும் சேர்த்துச் சுட்டுவிடுவது அவர் பரவலாக்கிய முறை. தம்பிலுவிலிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும். அந்தத் தூரத்தையும் முடிவெடுக்கும்போது எண்ணுங்கள். என் மகளாக இருந்து, படத்தில் இடம் வசதியாகவும், குழந்தைகளில் இதைச் செய்து பழகிய கை அருகிலும் இருந்தால், நான் எண்டொஸ்கோப்பை முதலில் கேட்பேன். அந்தக் கை இல்லையென்றால் தயங்காமல் ரியூப்புக்குச் சம்மதிப்பேன். மூன்றாவது அறையின் தரைக்குக் கீழே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய நாடி ஒன்று ஓடுகிறது. அதில் காயம் படுவது மிக அரிது, ஆனால் பட்டால் பெரிய ஆபத்து. பழகிய கை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உங்கள் டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: அடைப்பு அந்த ஒடுங்கிய வழியில்தான் என்பது படத்தில் தெளிவா, துளை போடுகிற இடத்துக்குக் கீழே வெளி இருக்கிறதா, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இங்கே செய்கிறார்களா, இல்லாவிட்டால் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்களா, போதாமல் போனால் அடுத்தது என்ன. தாய் கேட்கிற கேள்விக்கு எந்த நல்ல டொக்டரும் முகம் சுளிக்க மாட்டார்.

வயலை விற்க வேண்டாம். இந்த இரண்டு சத்திர சிகிச்சையும் நம் நாட்டில் நடக்கின்றன, அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். மச்சானுடைய அக்கறையைக் குறை சொல்லவில்லை. அவர் அனுப்ப நினைக்கிற காசு, கொழும்பில் தங்கவும், பிறகு மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்வரவும் உதவும். கடவுச்சீட்டு, விசா, காசு என்று ஓடித்திரிகிற கிழமைகளில் தலை வளர்ந்துகொண்டே இருக்கும்.

மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நேர்த்தி வையுங்கள், குளிர்த்தி அன்றைக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அம்மன் வாசலுக்குப் போங்கள், ஒப்பரேசனை மட்டும் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒன்றரை மாதம் இந்தப் பிள்ளைக்கு நீளம். தலையில் பற்றுப் போடுவது, சூடு வைப்பது இரண்டும் வேண்டாம்.

அதுவரை கிழமைக்கு ஒருமுறை நீங்களே தலையை அளந்து எழுதுங்கள். புருவத்துக்கு மேலாலும், பின்தலை அதிகம் துருத்தி நிற்கிற இடத்தாலும் நாடாவைச் சுற்றி, மூன்று தரம் அளந்து, கூடியதை எடுங்கள். ஒரே நாடா, ஒரே ஆள். இந்த வயதில் மாதத்துக்கு அரை சென்ரிமீற்றர் அளவில்தான் தலை வளர வேண்டும். ஒரு கிழமையில் 1 சென்ரிமீற்றர் கூடினால், அழாமல் நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நின்றால், கண்மணி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தால், பால் குடிக்காமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், கொழும்பு பஸ்ஸைத் தேட வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், அல்லது திருக்கோவில், அக்கரைப்பற்று வைத்தியசாலைகளில் கிட்ட உள்ளதற்குப் போங்கள். அங்கிருந்து டொக்டர்களே பெரிய வைத்தியசாலையோடு கதைத்து அம்புலன்ஸில் அனுப்புவார்கள். எம்.ஆர்.ஐ. படமும் அறிக்கையும் ஒரு பையில் கதவடியிலேயே இருக்கட்டும்.

ஒப்பரேசன் முடிந்து முதல் சில நாட்கள் கொஞ்சம் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம். தையல் போட்ட இடத்தால் தெளிந்த நீர் கசிந்தால் உடனே காட்டுங்கள். எண்டொஸ்கோப் செய்த பிள்ளைக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தால், அறைகள் இன்னும் பெரிதாகத்தான் தெரியும். பல தாய்மார் அதைப் பார்த்து இடிந்துபோவார்கள். ரியூப்பைப் போல அது சட்டென்று சுருக்காது, மெல்ல மெல்லத்தான் குறையும், சிலருக்கு முழுதாகக் குறையாது. தலை வளர்ச்சி அடங்கி, உச்சிக்குழி தணிந்து, பிள்ளை சிரித்து விளையாடினால் அதுவே நல்ல அடையாளம். இன்னொன்று, இது வாழ்நாள் முழுவதும் மனதில் இருக்க வேண்டியது: அந்தத் துளை வருடங்கள் கழித்தும், அரிதாக, திடீரென்று மூடிக்கொள்ளும். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலோ, கலியாணம் முடித்த பிறகோ, காலையில் தலையிடியும் வாந்தியும், இரட்டையாகத் தெரிவதும், அளவுக்கு மீறிய தூக்கமும் வந்தால், குழந்தையில் செய்த ஒப்பரேசனை அன்றைக்குப் பார்க்கிற டொக்டருக்கு முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ரியூப் வைத்தாலும் இதே விதிதான், அதோடு விளங்காத காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஒப்பரேசனுக்கு மயக்கம் கொடுப்பதற்கு முன் 4 மணித்தியாலம் மட்டும் நிறுத்தச் சொல்வார்கள், சரியான நேரத்தை வாட்டில் கேளுங்கள். தடுப்பூசி திகதிகளையும் அவர்களிடமே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அடுத்த பிள்ளைக்கு வருமா என்பது. இந்த அடைப்பில் தாய்வழியாக வருகிற ஒரு வகை உண்டு. அது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத்தான் பாதிக்கும். உங்களுக்குப் பெண்பிள்ளை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் அடுத்ததுக்கு வருகிற வாய்ப்பு குறைவு. உங்கள் அம்மாவின் பக்கத்தில், உங்கள் சகோதரர்களிலோ தாய்மாமன்மாரிலோ, பெரிய தலையோடு பிறந்தவர், சிறு வயதில் தவறியவர் யாராவது உண்டா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். அடுத்த முறை கர்ப்பம் தரித்தால் 20 கிழமை அளவில் செய்கிற ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், முதல் பிள்ளைக்கு இப்படி இருந்தது என்று ஸ்கேன் செய்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.